பன்னிரண்டு பல் மாப்பிள்ளை

கல்யாணமாகி மூன்று வருடமாகியும் கண்ணாடிக்காரனை அவனுடைய மாமனார் ஒருமுறைகூட 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. 'சார்' என்றுதான் கூப்பிடுவார். "சார், காப்பி ஆறிடப் போகுது." "சார், காலைக் கொஞ்சம் தூக்குங்க, பெருக்கணும்." மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. குறைச்சல் இருந்தாலாவது சண்டை போடலாம். மரியாதையாலேயே ஒரு மனிதனை வாசற்படியில் நிற்க வைக்கிற வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

இதற்கு மூல காரணம் கண்ணாடிக்காரன்தான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன். மாமனார் அப்போது மாமனார் ஆகவில்லை. சரக்கு ரயில் ஓட்டுநர். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், எழுத்து மங்குகிறது என்று கடைக்கு வந்தார். அவன் பரிசோதித்துப் பார்த்து, படிக்கிறதற்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தான். "எனக்கா சார்? ஒரு மைல் தூரத்துல சிக்னல் பார்க்கிறவன் சார் நான்" என்று வாதாடிவிட்டு, வேண்டாவெறுப்பாக வாங்கிப் போனார். கொஞ்ச நாளில் அவர் மகள் ஒருவனை வீட்டுக்கு அழைத்து வந்து, "இவர்தாம்ப்பா" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "சாரா?" என்றார். வண்டி அந்த ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது.

மாமியார் முதல் நாளே வாய் நிறைய 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுவிட்டார். கேட்காமலே கிடைத்தது என்பதால் அதை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மனுஷ மனசு அப்படித்தான்.

அவனும் மனைவியும் மாடியில், மாமனார் வீட்டார் கீழே. ஓய்வு பெற்றதும் மாமனார் யாரிடமும் சொல்லாமல் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தார். ரோட்டு வண்டி இல்லை; காட்டுப் பாதையிலும் கல்லு மேட்டிலும் ஏறுகிற வண்டி. உயரமான சீட்டு, கட்டை கட்டையாகப் பிடிப்பு வைத்த டயர். வேலைக்காலம் முழுவதும் மற்ற ரயில்களுக்கு வழிவிட்டு ஓரத் தண்டவாளத்தில் ஒதுங்கி நின்ற மனிதர். இனி யாருக்கும் ஒதுங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "தனியாப் போகக் கூடாது. மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க."

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் சரியான தூக்கம் வருகிற நேரத்தில் கீழேயிருந்து குரல் வரும். "சார், கிளம்பலாமா?"

ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரி. ஞாயிறன்று வேலை கிடையாது. அதன் பின்பக்கம் ஒரு சரிவு: அடியில் சேறு, நடுவில் சரளைக்கல், உச்சியில் சமதரை. மாமனார் அதில் வாரா வாரம் ஏறுவார். பிறகு வண்டியைச் சுற்றுப்பாதையில் இறக்கிக்கொண்டு வந்து, "நீங்க முயற்சி பண்றீங்களா சார்?" என்பார். அவன் முயற்சி பண்ணுவான். சரளைக்கல் தொடங்குகிற இடத்தில் இன்ஜின் திணறும். அந்தத் திணறல் சத்தம் கேட்டதும் அவன் பயந்துபோய்க் கிளட்சைப் பிடித்துவிடுவான். இழுவை போய் வண்டி நின்றுவிடும். பிறகு வண்டியும் அவனும் ஆளுக்கொரு பக்கம் சாய்வார்கள். குவாரிக் காவலாளி இந்தக் காட்சிக்கென்றே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்திருந்தார்.

"உங்களுக்கு இது ஒத்து வராது சார். விடுங்க" என்பார் மாமனார், அவன் உடையைத் தட்டிவிட்டுக்கொண்டே.

வலித்தது முழங்காலில் இல்லை. அந்த 'சாரில்' வலித்தது. அந்தச் சரிவில் ஒரே ஒரு தடவை, அவர் கண்ணெதிரே, காலை ஊன்றாமல் ஏறிவிட்டால் போதும். அப்புறம் எந்த வாயால் 'சார்' என்பார், பார்த்துவிடலாம் என்று அவன் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டான். வேறு எந்த வழியும் மிச்சமில்லை. தீபாவளிச் சட்டை வாங்கிக் கொடுத்தாலும் "எதுக்கு சார் சிரமம்" என்பவரை வேறு எப்படித்தான் மடக்குவது?

கடைக்கு வருகிறவர்களிடம் விசாரித்தான். இருட்டறையில் ஒருவரை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, "நீங்க பைக் ஓட்டுவீங்களா?" என்பான். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டயரில் காற்றைக் குறை என்றார் ஒருவர். தொப்பையைக் குறை என்றார் இன்னொருவர். கடைசியில் ஒரு தபால்காரர்தான் விஷயத்துக்கு வந்தார். "ஸ்ப்ராக்கெட்டை மாத்துங்க. சங்கிலி ஓடுற பல் சக்கரம் இருக்கு பாருங்க, முன்னால சின்னது, பின்னால பெருசு. முன்னால ஒரு பல் குறைச்சுப் போடுங்க. வண்டி மாடு மாதிரி இழுக்கும்."

இந்த இருட்டறையில் அவனுக்கு ஒரு விளையாட்டும் உண்டு. "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்டு, கண்ணாடியை எடுத்துவிட்டு அதே கண்ணாடியைத் திரும்பப் போடுவான். பத்தில் ஆறு பேர், "ஆங், இப்பதான் சார் பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள். அன்றும் தபால்காரர் அப்படித்தான் சொன்னார். சாயங்காலம் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "மாத்தினோம்னு நெனச்சாலே போதும், மனுஷனுக்குக் கண்ணு தெரிஞ்சிடுது!"

மனைவி வேலை பார்ப்பது மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில். கவுன்டரே அவள் பொறுப்பு. அந்த ஊரில் அந்த வண்டிக்குச் சாமான் அங்கே மட்டும்தான் கிடைக்கும். மறுநாள் அவன் வாடிக்கையாளர் மாதிரி கவுன்டருக்கு இந்தப் பக்கம் போய் நின்றான்.

"என்ன வேணும் சார்?" என்றாள்.

"நீயுமா!" என்றான். விஷயத்தைச் சொன்னான்.

அவள் மேசைமேல் இரண்டு பல் சக்கரங்களை எடுத்து வைத்தாள். "இப்ப உங்க வண்டியில முன்னால பதிமூணு பல், பின்னால நாற்பத்தெட்டு. முன்னால கம்மி பண்ணினாலும் சரி, பின்னால கூட்டினாலும் சரி, இழுவை கூடும், வேகம் குறையும். முன்னால கூட்டினாலோ பின்னால குறைச்சாலோ தலைகீழ். முன்னால ஒரு பல்லுங்கிறது பின்னால மூணு நாலு பல்லுக்குச் சமம்."

"பதினொண்ணு போட்டா?"

"சுவரே ஏறும். ஆனா அவ்வளவு சின்ன சக்கரத்துல சங்கிலி ரொம்ப மடங்கி ஓடும், சீக்கிரம் தேஞ்சிடும். ரோட்டுல சைக்கிள்காரன் முந்திட்டுப் போவான்."

"அப்ப பன்னிரண்டு குடு. உங்கப்பாவுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

"கவுன்டருக்கு வர்றவங்க விஷயத்தை நான் வெளியில சொல்றதில்ல" என்றாள், பில் போட்டுக்கொண்டே. டாக்டர் சொல்வது மாதிரி இருந்தது.

புதன்கிழமை மாமனாரும் மாமியாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கண்ணாடிக்காரன் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வண்டி நிற்கிற ஷெட்டுக்குள் நுழைந்தான். முன் பல் சக்கரம் வெளியே தெரியாது. ஒரு மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். மூடியைக் கழற்றியதும் ஒரு பெரிய நட்டு. அதைத் திருகினால் நட்டோடு சேர்ந்து வண்டியே உருண்டது. பிரேக்கை யாராவது மிதித்துக்கொள்ள வேண்டும். யாரும் இல்லை. கழுத்திலிருந்த டையைக் கழற்றி, பிரேக் மிதியைக் கீழே இழுத்துக் கட்டினான். நட்டு அசைந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். சங்கிலி கொஞ்சம் தொய்ந்தது; பின் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி இழுத்துச் சரி செய்தான். மூடியை மாட்டியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிட்டது, டையைத் தவிர. அதை ஆயுள் முழுக்க இனிக் கட்ட முடியாது.

ஓட்டிப் பார்க்க நேரமில்லை. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டுவிட்டது.

வியாழக்கிழமை மாமனார் வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வண்டி காட்டுக்கத்தல் கத்துது, ஆனா நகர மாட்டேங்குது. ஸ்கூல் வேன் என்னை முந்திட்டுப் போகுது சார், ஸ்கூல் வேன்! பின்னாடி கண்ணாடி வழியா பசங்க டாட்டா காட்டுறாங்க!" அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கிளட்சைப் பிடிச்சுப் பிடிச்சே இன்ஜினைக் கெடுத்துட்டீங்களோன்னு தோணுது."

கண்ணாடிக்காரன் மென்று விழுங்கினான். கொஞ்சம் வேகம் குறையத்தான் செய்யும், பாவம், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தான்.

அதிசயமாக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமனார் வாயெல்லாம் பல்லாக வந்தார். "ஒண்ணுமில்ல சார், சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன். இப்பப் பறக்குது!" சனிக்கிழமை காலையில் கண்ணாடிக்காரன் வண்டியைப் பக்கத்து மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். பன்னிரண்டு பல்லோடு அவனுக்கு அதுதான் முதல் சவாரி. உட்கார்ந்து கிளட்சை விட்டதுமே தெரிந்துவிட்டது. என்ன இழுவை! மண்மேட்டில் மெதுவாக விட்டான், திணறவில்லை. திணறினாலும் இது வேறு மாதிரித் திணறல், பலமுள்ளவன் மூச்சுவிடுகிற மாதிரி. ஒரே ஒரு பல் குறைத்ததற்கு இவ்வளவு வித்தியாசமா என்று வாய்விட்டே சொன்னான்.

அன்று மதியம் நான்கு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாமனார் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். கண்ணாடிக்காரனும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். மனைவிக்குத் திடீரென்று புரையேறியது. தண்ணீர் குடித்தாள், மறுபடியும் புரையேறியது. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அங்கிருந்து இருமல் மாதிரி இல்லாத ஒரு சத்தம் ரொம்ப நேரம் வந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மாமனார்.

"காரம்ப்பா."

"காரமா? உப்பே இல்லையே. காரம் இருக்கா சார்?"

ஞாயிறு வந்தது. மாமனார் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து போனான். "எப்படிப் போகுது பார்த்தீங்களா சார்? காத்து கிழியுது!" என்று காற்றில் கத்தினார். வேகத்தை நான் குறைத்து வைத்திருக்கிறேன், இந்த மனுஷன் பறக்குது என்கிறாரே என்று கண்ணாடிக்காரனுக்குப் பரிதாபமாக இருந்தது. இருட்டறையில் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பை அவருடைய முதுகைப் பார்த்துச் சிரித்தான்.

குவாரியில் காவலாளி நாற்காலியோடு தயாராக இருந்தார். "இன்னைக்கு நான் முதல்ல போறேன் மாமா" என்றான். மாமனார் புருவத்தை உயர்த்தினார். காவலாளி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சேறு தாண்டியது. சரளைக்கல் வந்தது. இன்ஜின் திணறியது. கை கிளட்சுக்குப் போனது. போன கையை அவனே நிறுத்தினான். பன்னிரண்டு பல், இழுக்கும், இழுக்கும் என்று சொல்லிக்கொண்டான். கண்ணை மூடி, பயத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். பின் டயர் இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை கல்லைப் பற்றிக்கொண்டது. கண்ணைத் திறந்தபோது வானம்தான் தெரிந்தது, காலடியில் சமதரை. கீழே காவலாளி நாற்காலிமேல் ஏறி நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வந்தது. சுற்றுப்பாதையில் இறங்கி வந்து, வண்டியை மாமனார் முன்னால் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் காத்திருந்தான்.

மாமனார் அவனையே பார்த்தார். அந்தச் சொல் அவர் நெஞ்சுக்குழி வரை வந்தது போலத்தான் இருந்தது.

"பரவால்லியே, ஏறிட்டீங்களே சார்" என்றார்.

மலை ஏறி வந்தவனை வாசலிலேயே மறித்த மாதிரி இருந்தது. இனி இவர் வாயிலிருந்து அது வராது என்று வெறுத்தே போனான். வெறுப்பில் ஒரு போலிப் பணிவும் வந்து சேர்ந்தது. தன் திறமை இல்லையென்று சொன்னாலாவது பாராட்டுகிறாரா பார்ப்போம் என்று நினைத்து, "என் திறமை என்ன மாமா இருக்கு? புதன்கிழமை முன் ஸ்ப்ராக்கெட்டை மாத்தினேன். பன்னிரண்டு பல். அதான் ஏறுச்சு" என்றான்.

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்திலிருந்த கல்லின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"புதன்கிழமையா?"

"ஆமா மாமா. மன்னிச்சுக்குங்க."

"வியாழக்கிழமை ஸ்கூல் வேன் முந்திச்சே…"

"அதனாலதான் மாமா."

"நான் வெள்ளிக்கிழமை பின் ஸ்ப்ராக்கெட்டை மாத்தினேன்" என்றார் மாமனார். "நாற்பத்து நாலு. வேகத்துக்காக. சங்கிலி தொளதொளன்னு இருந்துச்சு, ஒரு துண்டு வெட்டி எடுத்தேன். நீங்க ஓட்டி ஓட்டித் தொய்ஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தார்கள். பிறகு கண்ணாடிக்காரன் செல்போனை எடுத்தான். பழைய நாற்பத்தெட்டைப் பதிமூன்றால் வகுத்தான். மூன்று புள்ளி ஆறு ஒன்பது. புதிய நாற்பத்து நான்கைப் பன்னிரண்டால் வகுத்தான். மூன்று புள்ளி ஆறு ஆறு. மாமனார் சட்டைப்பையில் கைவிட்டு, மூன்று வருடமாக அவர் போடாத மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, செல்போனைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணுமே பண்ணல" என்றார் காவலாளி.

கண்ணாடிக்காரனுக்கு இருட்டறை ஞாபகம் வந்தது. ஆங், இப்பதான் சார் பளிச்சுன்னு இருக்கு. அந்த வாடிக்கையாளர் நாற்காலியில் சனிக்கிழமை உட்கார்ந்திருந்தது அவனேதான்.

"ஒண்ணும் மாறலைன்னா நான் வாரா வாரம் ஏறுற அதே வண்டிதானே?" என்று மாமனார் விருட்டென்று எழுந்தார். "தள்ளுங்க சார், நான் ஏறிக் காட்டுறேன்." கண்ணாடியைக் கழற்ற மறந்து அதன்மேலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

சேறுவரை ராஜா மாதிரி போனார். சரளைக்கல்லில் இன்ஜின் திணறியது. இத்தனை நாள் அந்தச் சத்தத்தை அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இன்றைக்குப் போட்டுக்கொண்டார். தலை குனிந்து சங்கிலியைப் பார்த்தார். மேடேறுகிறவன் செய்யக் கூடாத காரியம் அது. வண்டி அணைந்தது, சாய்ந்தது, மாமனார் சேற்றுக்குச் சறுக்கி வந்தார், வண்டி அவர் காலோடு சேர்ந்து வந்தது.

"மாப்ளே!"

கண்ணாடிக்காரன் அப்படியே நின்றான்.

"மாப்ளே, வண்டி கால் மேல கிடக்கு மாப்ளே! ஓடி வாங்க!"

ஓடத்தான் வேண்டும். கால் ஓடவில்லை. மூன்று வருடம் காத்திருந்தது சரிவு முழுக்க எதிரொலித்துக்கொண்டிருந்தது; அது அடங்குகிறவரை அசைய மனசு வரவில்லை. "அடிபட்டிருக்கா மாமா?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டான்.

"அடி ஒண்ணுமில்ல, சேறுதான். எழுந்திருக்க முடியல மாப்ளே!"

"போங்க சார், அவரு உங்களைத்தான் கூப்பிடுறாரு" என்று காவலாளி முதுகில் ஒரு தள்ளு தள்ளிய பிறகுதான் ஓடினான்.

வண்டியைத் தூக்கினான். மாமனாரைத் தூக்கினான். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் சேறு அப்பியிருந்தது; அதையும் வாங்கிச் சட்டை நுனியில் துடைத்துக் கொடுத்தான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வழி முழுக்க அவன் ஓட்டினான், அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஆபத்துக்கு வாயில் வந்தது, அவ்வளவுதான், வீட்டுக்குப் போனால் மறுபடியும் 'சார்' தான் என்று அவன் தன்னைத் தானே தேற்றிக்கொண்டே வந்தான்.

வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். இரண்டு சேற்று உருவங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவனுக்கும் அப்பாவுக்கும் பண்ணிய ரெண்டு சத்தியத்தையும் காப்பாற்றிய களைப்பு அவள் முகத்தில் இருந்தது.

"தெரிஞ்சு போச்சா?" என்றாள்.

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவள் சிரித்து முடிக்கிறவரை பொறுமையாக நின்றார்கள்.

"சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க? பழையதையே திரும்ப மாட்டணுமா? இல்ல பன்னிரண்டும் நாற்பத்து நாலுமே இருக்கட்டுமாப்பா?"

"எனக்கு என்ன தெரியும்?" என்றார் மாமனார், விரலிடுக்கில் சேற்றை வழித்துக்கொண்டே. "மேடேறினவரு அவருதான். மாப்பிள்ளையைக் கேளு."

அவள் கை இடுப்பிலிருந்து இறங்கியது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் குழாய்க்கடியில் காலை நீட்டியபடி, கழுவி முடித்த காலையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

"குழாயை மூடுங்க மாப்ளே" என்றார் மாமனார், உள்ளே போய்க்கொண்டே. "தண்ணி வீணாப் போகுது பாருங்க."